ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆகியும் ஏறாத சம்பளம்

வணக்கம். சிங்கப்பூர் முதியோர் இல்லத்தில் என்ரோல்டு நர்ஸாக இருந்து அதற்கு மேல்நிலையான ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆகிவிட்டீர்கள், மேலாளர் வாயால் சொன்ன உயர்வு மூன்று மாதமாக வரவில்லை என்கிறீர்கள். வேலையோடு படித்து முடித்தவருக்கு இப்படி இழுத்தடிப்பது நியாயமே இல்லை.

முதலில் வேலை ஒப்பந்தத்தையும் பழைய வாட்ஸ்அப் செய்திகளையும் தேடுங்கள். "பாஸானதும் ஏற்றித் தருகிறோம்" என்று ஒரு வரி இருந்தாலும் பலம்தான். அப்புறம் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நர்ஸிங் போர்டு சான்றிதழ் கிடைத்த தேதி, உயர்வு தருவதாகச் சொன்னவர், சொன்ன நாள், இப்போது எந்தப் பொறுப்பில் ஷிப்ட் போடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "புதிய சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து?" என்று நேராகக் கேளுங்கள். நேரில் பேசினாலும் அன்றே மின்னஞ்சலில் பதிந்துவிடுங்கள். ரெஜிஸ்டர்டு நர்ஸ் பொறுப்பை ஏற்கெனவே பார்க்கிறீர்கள் என்றால், பேரத்தில் உங்கள் பெரிய பலம் அதுதான்.

ஒப்பந்தப்படி சேர வேண்டிய சம்பளத்தைத் தராவிட்டால் டாடெம் (TADM) என்ற, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த முத்தரப்பு அமைப்பிடம் முறையிடலாம். வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், விலகினால் ஆறு மாதத்துக்குள். வெறும் வாய்ச்சொல்லை அங்கே நிரூபிப்பது கடினம். அதனால்தான் எழுத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். சுகாதார ஊழியர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் அவர்களையும் கேளுங்கள்.

கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால், வொர்க் பாஸ் என்ற வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டுண்டது. வேறு இடத்தில் வேலை உறுதியான பிறகு பார்க்கலாம்.