அமைச்சருக்கே படிப்பு வேண்டாம், எனக்கு எதுக்கு என்று கேட்கும் மகளுக்கு

வில்லிவாக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், வீட்டில் எல்லோரும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் பற்றிப் பேச, அவள் மட்டும் அரசியலுக்குத்தான் போவேன் என்கிறாள். "முதல்ல ஒரு டிகிரி வாங்கு" என்று ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா சொன்னால், "சுகாதார மந்திரி டாக்டரா இருக்கணும்னு சட்டம் இருக்கா? நிதி மந்திரி சி.ஏ. முடிச்சிருக்கணுமா? அவங்களுக்கே வேண்டாத படிப்பு எனக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கேட்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்கிறீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை அவள் சொல்வது சரி. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தெரிந்த உண்மையை மறுத்தால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவள் காதில் வாங்க மாட்டாள். சட்டமன்றத்துக்குப் போட்டியிட இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும், 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு. படிப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அமைச்சராவதற்கும் அப்படித்தான், உறுப்பினராக இல்லாதவர்கூட அமைச்சராகலாம், 6 மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும், அவ்வளவே. வேட்பாளர் தன் கல்வித் தகுதியைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும் என்பது 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்தது. அதுவும் வாக்காளர் தெரிந்துகொள்ளத்தான், தகுதி நீக்கம் செய்ய அல்ல. மாநில அரசில் ஒருவருக்கு அரசமைப்புச் சட்டமே தொழில் தகுதி எழுதி வைத்திருக்கிறது: அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல். உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி அவருக்கு இருக்க வேண்டும். அவர் சட்டமன்றத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. துறை அறிவைத் தருகிறவர் வேறு, மக்கள் சார்பில் முடிவெடுக்கிறவர் வேறு என்ற பிரிவு அதிலேயே தெரிகிறது.

இது கவனக்குறைவாக விடுபட்டதல்ல. அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட 1949 நவம்பர் 26 அன்று, சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறவர்களுக்கு உயர்ந்த தகுதி கேட்டுவிட்டு, சட்டம் இயற்றுகிறவர்களுக்கு எதுவும் கேட்காமல் விட்டோமே என்று அதை எழுதிய அரசமைப்பு நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் வருத்தப்பட்டுப் பேசினார். அறிவைவிடவும் நேர்மையான குணம்தான் முக்கியம் என்றும் அதே உரையில் சொன்னார். ஆனால் அன்றைய நாட்டை நினைத்துப் பாருங்கள். 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். பட்டம் கேட்டிருந்தால் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆட்சியின் வாசலையே மிதித்திருக்க முடியாது.

2015-ல் ஹரியானா பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கல்வித் தகுதி கொண்டுவந்தது. பொதுப் பிரிவினருக்கு 10-ஆம் வகுப்பு, மற்றவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றுவரை மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூடம் கட்டித் தராத அரசு, பள்ளிக்குப் போகாததற்காக ஒரு கிராமத்துப் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது. இதே மாதிரி சட்டம் போட்ட ராஜஸ்தான் 2019-ல் அதை நீக்கிவிட்டது.

இனி உங்கள் மகள் யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். துறைக்கு ஏற்ற பட்டம் என்று வைத்தால் எந்தப் பட்டத்தை வைப்பது? காமராஜர் காலத்து அமைச்சர் சி.சுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு சட்டம். மாநிலத்தில் கல்வி, சட்டம், நிதி ஆகிய துறைகளைப் பார்த்தார். டெல்லி போய் எஃகுத் துறை, 1964-ல் உணவும் வேளாண்மையும், பின்னர் நிதி, அதன்பின் பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிகிரி என்றால் வாழ்நாள் போதாது. வேளாண்மைக்கு வந்தபோது நாடு கப்பலில் வரும் கோதுமையை நம்பியிருந்தது. மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமை விதைக்கலாம் என்றார்கள் எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள். நிதி அமைச்சகத்திலும் திட்டக் குழுவிலும் எதிர்ப்பு. இரண்டு பக்கமும் படித்தவர்கள்தான்! எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டு, தன் பங்களாத் தோட்டத்திலேயே அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டி, 1966-ல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்யும் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் வேளாண் பட்டதாரி இல்லை. நிபுணர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் குறுக்குக் கேள்வி கேட்கவும் தெரிந்தவர்.

அமைச்சரின் வேலை அதுதான், அம்மா. உதவிப் பிரிவு அலுவலரில் தொடங்கி, பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று குறிப்பு ஏறி, துறைச் செயலாளரைத் தாண்டித்தான் கோப்பு அமைச்சர் மேசைக்கு வரும். சுகாதார அமைச்சர் ஊசி போடப் போவதில்லை. எந்த மாவட்டத்து மருத்துவமனையில் ஆள் இல்லை, மருந்துக் கொள்முதல் ஏன் தாமதம், இருக்கும் பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்று தீர்மானிக்கிறவர். கோப்பைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவராகிவிடுவார். சட்டம் பட்டம் கேட்கவில்லை என்பது உண்மை. அந்த நாற்காலி படிப்பு கேட்கிறது என்பதும் உண்மை. உங்கள் மகள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"காமராஜர் படிக்கலையே" என்று அடுத்து கேட்பாள். கேட்கட்டும். அவருக்குப் பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றது குடும்பச் சூழலால், விருப்பப்பட்டு அல்ல. பதின்ம வயதில் காங்கிரஸுக்கு வந்தவர் 1954-ல்தான் முதல்வரானார். இடையில் முப்பது ஆண்டுக்கும் மேலான கட்சி வேலை, பல ஆண்டுச் சிறை, சிறையிலும் வாசிப்பு. முதல்வரானதும் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்? கல்விக்கு சி.சுப்பிரமணியம், கல்வித் துறை இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு. 1956-ல் மதிய உணவு பள்ளிகளுக்குப் போனது அந்தக் கூட்டு உழைப்பால். தனக்குக் கிடைக்காத படிப்பை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைக்கச் செய்தவரின் பெயரைச் சொல்லி, கையில் கிடைக்கும் படிப்பை ஒரு பிள்ளை விடலாமா என்று அவளிடமே கேளுங்கள்.

இதைவிட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு, அதை நான் அழுத்திச் சொல்வேன். அரசியல் மாதச் சம்பளம் தரும் வேலை அல்ல. கட்சி சீட் தர வேண்டும், மக்கள் வாக்களிக்க வேண்டும், ஐந்தாண்டில் மறுபடி கேட்க வேண்டும். அத்தனை செய்த சி.சுப்பிரமணியமே 1967 தேர்தலில் தோற்றார். சொந்த வருமானம் இல்லாமல் போகும் பெண், போக்குவரத்துச் செலவுக்குக்கூட யாராவது ஒருவர் கையை எதிர்பார்ப்பாள். கொடுத்தவர் ஒருநாள் பதிலுக்கு ஏதாவது கேட்பார். கையில் ஒரு தொழில் இருந்தால் "முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரலாம்.

வயதுக் கணக்கையும் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். இப்போது 17. மாநகராட்சிக் கவுன்சிலராக 21 வயது வேண்டும், எம்.எல்.ஏ.வுக்கு 25. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு முடிக்கும்போது 22 ஆகியிருக்கும். படிப்பதால் எம்.எல்.ஏ. தேர்தலுக்கு அவள் ஒரு வருடத்தையும் இழக்கவில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு; சென்னையில் மட்டும் 200 வார்டுகள். 2022-ல் மேயரான பிரியா அப்போது முப்பது வயதைத் தொடாதவர், எம்.காம். படித்தவர். அரசியல் பெண்ணுக்கு ஒத்துவராது என்று வீட்டில் யாராவது சொன்னால் அவரைக் காட்டுங்கள்.

என் முதல் பரிந்துரை பிளஸ் டூவுக்குப் பிறகு சேரும் பி.ஏ. எல்.எல்.பி. சட்டத்தை வாசிக்கும் பழக்கமும் வரும், கோர்ட்டில் தொழிலும் கிடைக்கும். மாநிலக் கல்லூரியிலோ தாம்பரம் கிறித்துவக் கல்லூரியிலோ அரசியல் அறிவியல் இரண்டாவது. ஆனால் அதோடு நிறுத்தாமல் மேற்படிப்போ மூன்றாண்டுச் சட்டமோ சேர வேண்டும். அவளுக்குக் கணக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்றால் இன்ஜினியரிங்கும் தடையில்லை. 2021-ல் நிதி அமைச்சரான பழனிவேல் தியாகராஜன் திருச்சியில் பொறியியல் படித்தவர்தான். "சரி, ஐ.ஏ.எஸ். எழுதட்டும்" என்று நீங்கள் ஒரு சமரசம் யோசித்திருக்கிறீர்கள். அது வேறு பாதை. அரசு ஊழியர் கட்சியில் இருக்க முடியாது, வேலையை விட்டால்தான் தேர்தலில் நிற்கலாம். எது வேண்டும் என்று அவளே தெளிவாகச் சொல்லட்டும்.

இந்த விடுமுறைக்கு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். துறைகளுக்கான பணத்துக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே இருக்கும், இணையத்தில் இலவசம். பள்ளிக் கல்வித் துறையுடையதை முழுதாகப் படித்து, உங்கள் வார்டில் நடக்கும் பகுதி சபை என்ற மக்கள் கூட்டத்தில் அதை வைத்து ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். படிக்கப் படிக்க ஆர்வம் கூடினால் அவள் ஆசை நிஜம். பத்துப் பக்கத்தில் அலுத்துவிட்டால் அதையும் நாம் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம், கலைக் கல்லூரி, பொறியியல் மூன்றுக்கும் விண்ணப்பம் தனித்தனி, கடைசித் தேதியும் வேறு வேறு. ஒன்றுக்காகக் காத்திருந்து மற்றதைத் தவறவிடாதீர்கள், மூன்றுக்கும் போட்டு வையுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான் என்றால், அந்தச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்; கட்டணச் சலுகை கேட்கும்போது அது கையில் இருக்க வேண்டும். அடுத்து என்னைப் பார்க்க வரும்போது மகளோடு அவள் அப்பாவும் வரட்டும்.