போன் கம்பெனிகளின் காப்புரிமைச் சண்டை: கேள்வி-பதில்

ஏனுங்க சார், ஆப்பிளும் சாம்சங்கும் ஏழு வருஷம் கோர்ட்டில் மல்லுக்கட்டினாங்களே, கடைசியில் ஜெயிச்சது யாருங்க? சண்டை நடந்தப்பவும் சாம்சங் பார்ட்ஸ் ஐபோனுக்குள்ள இருந்துச்சுங்களே?
- செல்போன் கடைக்காரர், காந்திபுரம்

தீர்ப்பின்படி ஆப்பிள். ஆனால் கதை அவ்வளவு லேசில் முடியவில்லை. 2011 ஏப்ரலில் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2012 ஆகஸ்டில் ஜூரி சுமார் 105 கோடி டாலர் கட்டச் சொன்னது. அப்புறம் தொகை குறைந்தது, மறு விசாரணை வந்தது, மேல்முறையீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வடிவத்தைக் காப்பியடித்தார்கள் என்பதற்காக முழு போனின் லாபத்தையும் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஒரு பாகத்தின் லாபத்தை மட்டும் கணக்கில் எடுக்கவும் இடமுண்டு என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே இருவரும் சமரசமாகிவிட்டார்கள். எவ்வளவுக்கு என்று வெளியே சொல்லவில்லை.

இத்தனைக்கும் சண்டை எதற்கு? பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனால், கடைசி வரி வந்ததும் லேசாகத் துள்ளித் திரும்புமே, அதற்கு ஒரு காப்புரிமை (பேட்டன்ட்). தட்டினால் படம் பெரிதாவதற்கு ஒன்று. முனை மழுங்கிய செவ்வக முகப்புக்குத் தனியாக வடிவக் காப்புரிமை. இங்கிலாந்தில் நடந்ததுதான் வேடிக்கை. சாம்சங் டேப்லெட் ஆப்பிளுடையதைப் போல அவ்வளவு அசத்தலாக இல்லை, அதனால் காப்பி இல்லை என்று 2012-ல் நீதிபதி தீர்ப்பளித்தார். சாம்சங்குக்கு ஜெயித்ததில் சந்தோஷப்படுவதா, கூச்சப்படுவதா என்று புரிந்திருக்காது.

பாகங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம்மூரில் வரப்புத் தகராறில் கோர்ட் படியேறும் பங்காளிகள் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள் அல்லவா, அதே கதைதான். பாகம் விற்கும் பிரிவு வேறு, போன் விற்கும் பிரிவு வேறு. என்னைக் கேட்டால், இந்த வழக்குகளில் பெரும்பாலானவை பேரத்தில் கை ஓங்குவதற்காகப் போடப்படுபவை. எச்டிசி என்ற போன் கம்பெனி மீதும் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012 நவம்பரில் பத்து வருஷ உரிம ஒப்பந்தத்தில் அது முடிந்தது.

சீனாவிலிருந்து பட்டன் போன் இறக்கி, எங்கள் பிராண்ட் போட்டு விற்கலாம் என்று இருக்கிறோம். தயாரிப்பவன் அங்கே இருக்கிறான். எங்கள் மேல் கேஸ் வருமா?
- பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்

வரும். தயாரிப்பது மட்டுமல்ல, இறக்குமதி செய்வதும் விற்பதும்கூடக் காப்புரிமை வைத்திருப்பவரின் உரிமைக்குள் வருகிறது என்று நம் சட்டத்தின் 48-வது பிரிவு சொல்கிறது. எல்லா போனும் பின்பற்ற வேண்டிய 2ஜி, 3ஜி போன்ற தொழில்நுட்பத் தரநிலைகளுக்குள் இருக்கும் காப்புரிமைகளை ஒதுக்கிவிட்டு ஒரு போன் செய்யவே முடியாது. அதனால் அவற்றை வைத்திருப்பவர்கள் நியாயமான கட்டணத்தில் உரிமம் தந்தாக வேண்டும். நீங்களும் கட்டணம் கட்டாமல் தப்ப முடியாது. இப்படிக் காப்புரிமை வைத்திருக்கும் ஸ்வீடன் கம்பெனி எரிக்சன் 2013-ல் மைக்ரோமேக்ஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே எரிக்சன் போட்ட வழக்கில் 2014 டிசம்பரில் சியோமிக்கே தடை வந்தது. பிறகு குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும், ஒன்றுக்கு 100 ரூபாய் டெபாசிட் கட்டி விற்கலாம் என்று தளர்த்தினார்கள். 2024 மார்ச்சில் லாவா கம்பெனி எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

சப்ளையரிடம் ‘எல்லா உரிமமும் இருக்கிறதா’ என்று வாய்வார்த்தையாகக் கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வான். எந்தக் காப்புரிமைக்கு யாரிடம் உரிமம் என்று காகிதம் கேளுங்கள். வழக்கு வந்தால் செலவும் நஷ்ட ஈடும் அவன் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பனியனே உத்தமம்.

ரெண்டு சிம் போனுக்கு நம்ம தமிழ்நாட்டுக்காரர் பேட்டன்ட் வாங்கினாராமே, நிஜமா?
- பொள்ளாச்சி வாசகர்

நிஜம்தான். மதுரைக்காரர் ஒருவருக்கு 2008-ல் கிடைத்தது. அதைச் சுங்கத் துறையில் பதிவு செய்து, இறக்குமதியான இரட்டை சிம் போன்களைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிறுத்த வைத்தார். தனி மனிதர் ஒருவர் பெரிய கம்பெனிகளின் சரக்கை மறித்தது சாதாரண விஷயமில்லை. அவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த யோசனை முன்பே உலகில் இருந்தது என்று வாதாடினார்கள். 2012-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் காப்புரிமையை ரத்து செய்தது. சுங்க விதிகளிலிருந்தும் 2018-ல் காப்புரிமையை எடுத்துவிட்டார்கள். இப்போது யாரும் அந்த வழியில் சரக்கை மறிக்க முடியாது.

கொடுத்த காப்புரிமையை அப்படி ரத்து செய்யலாமா?
- ஈரோடு வாசகி

உங்கள் ஊர் மண்டியில் மூட்டை மூட்டையாக இருக்கிறதே மஞ்சள், அதுவே சாட்சி. காயத்தை மஞ்சள் ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டியதும் 1997-ல் ரத்து செய்தார்கள். நம் நாட்டில், காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம்.

போனிலிருந்து கிணற்று மோட்டாரை இயக்கும் கருவியும் ஆப்பும் செய்திருக்கிறோம். கோடிசியா கண்காட்சியில் ஸ்டால் போட்டுவிட்டு, அப்புறம் பேட்டன்ட் போடலாமா?
- இறுதியாண்டு மாணவர்கள், பீளமேடு

கூடாது. முதலில் விண்ணப்பம், அப்புறம் ஸ்டால். ஊர் பார்க்க வைத்த பிறகு அது புதுசு என்று சொல்ல முடியாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது. நேரம் இல்லையென்றால் தற்காலிக விவரக்குறிப்போடு ஆன்லைனில் தாக்கல் செய்யுங்கள், தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும்.

ஆப்புக்கு மட்டும் கேட்டால், வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லும் 3(கே) பிரிவில் தள்ளிவிடுவார்கள். கருவியோடு சேர்த்துக் கேளுங்கள். போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் ஏற்கெனவே கடைகளில் கிடைக்கிறது, அதைப் புதுசு என்று எழுதாதீர்கள். மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போனாலோ, கிணற்றில் தண்ணீர் இறங்கினாலோ, உங்கள் கருவி மற்றவற்றைவிட வேறு எந்த முறையில் கண்டுபிடிக்கிறது என்பதை எழுதுங்கள். விண்ணப்பம் கல்லூரி பெயரிலா, உங்கள் பெயரிலா என்பதையும் இப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கும் அதே 1,600 ரூபாய்தான், கட்டணத்தைக் காரணம் காட்ட யாராலும் முடியாது.