மூன்றாம் வகுப்பு மகன் எழுத்துக் கூட்டியே படிக்கிறான். வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? டியூஷனில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். வகுப்பு ஆசிரியர் நாலு பேர் முன்னால் ஏதாவது சொல்லியிருப்பார், அந்த எரிச்சலில் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். எனக்கும் அது நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நான் கல்வியாளன் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு மளிகைக் கடை நடத்துகிறவன். ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது என் மகள் யூகேஜி. 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு அறையைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளை. கொம்பைக் கண்டதும் ‘கெ’ என்று ஆரம்பித்துவிடுவாள், பின்னால் கால் நிற்பதைப் பார்க்க மாட்டாள். கொசு அவளுக்குக் ‘கெசு’. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, “படிக்காதவர்கள் வீட்டில் இப்படித்தான் இருக்கும், டியூஷன் வையுங்கள்” என்றார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் கடைக்கு வருகிறவர்கள் சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பாள், நான் எடுத்துக் கட்டுவேன். (குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம். ஒரு கிலோ சர்க்கரையைக்கூட அவளை எடுக்க விட்டதில்லை.) ‘கெத்தமல்லி’ என்று வாசித்தால் திருத்த மாட்டேன். “அப்படி ஒரு சரக்கு நம்மிடம் இல்லையே” என்பேன். அவளே திரும்பப் பார்த்துச் சரியாகச் சொல்வாள்.

து.ப. (துவரம் பருப்பு), உ.ப. (உளுத்தம் பருப்பு) எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. சிக்கல் ‘ம.தூள்’. மஞ்சளா, மிளகாயா, மல்லியா? ஒரு சீட்டில் ‘ம.தூள் 50’ என்று இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மிளகாய் வற்றலும் மல்லியும் தனியாக எழுதியிருக்கிறார்கள் அப்பா. வீட்டில் அரைக்கிறவர்கள். இது மஞ்சள்தான்” என்றாள். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் எந்தக் கேள்வி இதைக் கேட்கிறது, சொல்லுங்கள். இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்கள். சீட்டு குறைந்துவிட்டது, அது வேறு கதை.

இரவில் என் மனைவி கதை வாசித்துக் காட்டுவாள். இதை மட்டும் விடாதீர்கள். நாம் வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு. ‘சென்றான்’, ‘வினவினான்’ எல்லாம் காதில் ஒரு முறையாவது விழுந்திருந்தால்தான், எழுத்துக் கூட்டி முடித்ததும் பிள்ளைக்கு ‘அட, அதுவா’ என்று தோன்றும். இல்லாவிட்டால் சரியாகக் கூட்டிவிட்டும் முழிப்பான். வாசித்து முடித்ததும் கதையின் நீதி என்ன என்று கேட்டுத் தொலைக்காதீர்கள், மறுநாள் பக்கத்திலேயே வர மாட்டான். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, படிநிலை வாரியாக. முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள், மூன்றாம் வகுப்பாயிற்றே என்று கௌரவம் பார்க்க வேண்டாம். கைப்பேசியில் காட்டுவதைவிட ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கையில் கொடுப்பது நல்லது.

‘எங்களுக்கு மளிகைக் கடை இல்லையே’ என்பீர்கள். கல்யாணப் பத்திரிகை வருகிறதல்லவா? தாத்தா பெயரிலிருந்து தாய்மாமன் பெயர் வரை அவனை வாசிக்கச் சொல்லி, யார் யார் நமக்கு என்ன முறை என்று சொல்லுங்கள். பஸ்ஸில் ஊர்ப் பலகை இருக்கிறது, ரேஷன் கடையில் இருப்புப் பலகை இருக்கிறது.

நூலகத்துக்கும் கூட்டிப்போகச் சொல்லலாம்தான். 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரி ரசீதைப் பாருங்கள், வரியில் நூற்றுக்குப் பத்து நூலக வரி. வீட்டுக்கும் கட்டுகிறேன், கடைக்கும் கட்டுகிறேன். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் குழந்தைகள் அலமாரி பூட்டியே கிடக்கிறது. பூட்டுக்குப் பின்னால் தெரிவதெல்லாம் அட்டை கிழிந்த பழைய புத்தகங்கள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய், “புதுப் புத்தகம் ஏதாவது வந்திருக்கிறதா?” என்று கேட்டேன். அரசு வேலைத் தேர்வுப் புத்தகம் கேட்கிறேன் என்று நினைத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “குரூப் 4ஆ, குரூப் 2ஆ?” என்றார்கள்.