முதன்முதலாக டரான்டுலா சிலந்தி வளர்க்க எந்த வகையை வாங்கலாம்?

கர்லி ஹேர் வகையைத்தான் சொல்வேன். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது, நிதானமானது. பயந்தால் கடிப்பதைவிடப் பின்னங்காலால் வயிற்று முடியைத் தேய்த்து உதிர்க்கும். அந்த முடி கண்ணுக்குள் போய்விடக் கூடாது. பெண்ணாகப் பார்த்து வாங்குங்கள், 20 ஆண்டுகூட இருக்கும். ஆணுக்குச் சில ஆண்டுகள்தான்.

கூண்டு உயரமாக வேண்டாம். விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். அப்புறம், தோலுரிக்கும்போது மல்லாந்து கால்களை விரித்துக் கிடக்கும். செத்துவிட்டதென்று தொட்டுவிடாதீர்கள்! மணிக்கணக்கில் ஆகலாம், பொறுத்திருங்கள். புதுத்தோல் இறுகும்முன் இரையாக வெட்டுக்கிளி போட்டால், அது சிலந்தியையே கடித்துவிடும்.

தென்னிந்திய, இலங்கைக் காட்டு மரங்களில் வாழும் பொய்சிலோதேரியா என்ற டரான்டுலா இனம் பார்க்க அழகுதான். ஆனால் மின்னல் வேகம். கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. முதல் சிலந்தியாக அது வேண்டவே வேண்டாம். எதை வாங்கினாலும், காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.