கண் பிரஷர் குறைந்த பிறகும் பார்வை மங்குவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. கிளாக்கோமாவுக்காக வலது கண்ணில் டிராபெகுலெக்டமி ஆபரேஷன் செய்து 9 நாளாகிறது. 32 ஆக இருந்த கண் பிரஷர் இப்போது 4. ஆனால் பார்வை முன்பைவிட மங்கல். மலச்சிக்கலும் இருக்கிறது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். பயப்பட வேண்டுமா?

பதில்: மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த 4தான்; பிரஷர் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது. விழியின் வெள்ளைப் பகுதியில் சிறு கதவு போல வெட்டி, உள்ளிருக்கும் நீர் வெளியேற வழி செய்திருக்கிறார்கள். அந்த நீர் மேல் இமைக்கு அடியில் கொப்புளமாகத் தேங்கி மெல்ல உறிஞ்சப்படும். தேவைக்கு மேல் வெளியேறினால் கண் தளர்ந்து, விழித்திரையின் மையத்தில் சுருக்கம் விழும். முதல் சில வாரங்களில் இப்படி ஆவது உண்டு. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: பழைய பிரஷர் சொட்டு மருந்தை வலது கண்ணுக்கும் விடுகிறீர்களா? பழக்கத்தில் இரண்டு கண்ணிலும் விட்டுவிடுவார்கள். இடது கண்ணுக்கு அது தொடர வேண்டும்; வலது கண்ணுக்கு டாக்டர் சொன்னால் மட்டுமே. கண் பிரஷரைக் குறைக்கும் அசட்டசோலமைடு மாத்திரை இன்னும் போகிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்து கசிவு. ஃப்ளோரசின் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், தையலில் நீர் கசியும் இடத்தில் பச்சைக் கோடு வழிவது தெரியும். கசிந்தால் பெரிய கான்டாக்ட் லென்ஸ் வைப்பார்கள், அல்லது மறுபடி தையல் போடுவார்கள். கசிவில்லாமல், விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு என்ற ரத்த நாள அடுக்கில் நீர் கோத்திருந்தால், கண் பாப்பாவை விரிக்கும் அட்ரோபின், ஸ்டீராய்டு சொட்டுகளே பெரும்பாலும் போதும். அட்ரோபினால் வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்போ மனக்குழப்பமோ வந்தால் உடனே சொல்லுங்கள்.

எனக்கு அதிகக் கவலை அந்த மலச்சிக்கல்தான். முக்கும்போது தலையின் ரத்த நாளங்களில் அழுத்தம் ஏறும். தளர்ந்த கண்ணில் ஏற்கெனவே இழுபட்டிருக்கும் நாளம் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டலாம். வயதும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்துகளும் இந்த ஆபத்தைக் கூட்டும். ஆனாலும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டர் சொல்லட்டும். மலமிளக்கி இன்றே கேட்டு வாங்குங்கள். இருமலுக்கும் மருந்து கொடுங்கள். தரையில் விழுந்ததை அவர் குனிந்து எடுக்க வேண்டாம். திடீரெனக் கடும் வலி, வாந்தி, பார்வை இருளுதல் என்றால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சொட்டு விடும்போது கீழ் இமையை மட்டும் இழுங்கள். மேல் இமையில் கை படக் கூடாது. தூங்கும்போது கண் கவசம் அவசியம். சிவப்பு குறைந்துவிட்டதே என்று ஸ்டீராய்டு சொட்டை நிறுத்திவிடாதீர்கள். கொப்புளம் தழும்பாகி வழி அடைபட்டால் பிரஷர் மறுபடி ஏறும். பொதுவாக 2 முதல் 3 மாதங்களில் படிப்படியாகத்தான் குறைப்போம்.

அந்தக் கொப்புளம் வழியாகக் கிருமி நுழையும் ஆபத்து பல வருடங்கள் கழித்தும் இருக்கும். கண் சிவந்து, வலியோடு பீளை தள்ளினால் மருந்துக் கடையில் சொட்டு வாங்காமல் அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.