கொலராடோ மான் டேக்: முதல் விருப்பத்தில் எதை எழுதுவது?

தம்பி, டென்வர் வந்ததிலிருந்து இரண்டு வருஷமாக ஆபீஸ் நண்பர்களோடு மான் டேக்குக்கு, அதாவது மான் வேட்டை லைசென்ஸுக்கு, விண்ணப்பித்தும் டிராவில் (குலுக்கலில்) விழவில்லை, இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. கொலராடோவில் இதில் அதிர்ஷ்டத்துக்கு உள்ள இடம் சின்னது. 1999 முதல் மாநிலம் முழுக்க மான் லைசென்ஸை எண்ணி வைத்துத்தான் தருகிறார்கள். அதிக பிரிஃபரன்ஸ் பாயின்ட் (டேக் கிடைக்காத வருஷங்களில் சேரும் முன்னுரிமைப் புள்ளி) உள்ளவருக்குத்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

நண்பர்கள் எழுதிய ஹன்ட் கோடையே (எந்த இடம், எந்த சீசன் என்று குறிக்கும் குறியீடு) நீங்களும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஈகிள் ஊர்ப் பக்கம் 44ஆம் யூனிட் (வேட்டைப் பகுதி), நவம்பர் ரைஃபிள் சீசன் மாதிரி பேர்போன இடங்களுக்கு வருஷக்கணக்காகப் பாயின்ட் சேர்த்தவர்கள் நிற்கிறார்கள். குழுவாகப் போட்டிருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: குழுவில் யாருக்குப் பாயின்ட் குறைவோ, அவருடைய பாயின்ட்தான் எல்லோருக்கும். உங்களால் அவர்களும் பின்னால் போகிறார்கள். தனியாகப் போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் இருக்கின்றன அல்லவா? முதல் விருப்பம் கிடைத்தால்தான் பாயின்ட் கரையும். இரண்டாவதோ மூன்றாவதோ கிடைத்தால் கரையாது. முதலாவது தவறியதற்கு ஒரு பாயின்ட் கூடவும் செய்யும். ஆகவே முதல் இடத்தில் பாயின்ட்டுக்கு மட்டுமான டி-பி-999-99-பி என்ற கோடையோ, உங்கள் கனவு யூனிட்டையோ எழுதுங்கள். இரண்டாவதில் கொம்பில்லாத மான் டேக், அல்லது கூட்டம் குறைந்த யூனிட். நிறைய பேர் முதல் விருப்பத்தை மட்டும் நிரப்பிவிட்டு மற்ற மூன்றையும் காலியாக விடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. வருஷா வருஷம் காட்டுக்குப் போய்க்கொண்டே பாயின்ட்டும் சேர்க்கலாமே!

எந்தக் கோடுக்குப் போன வருஷம் எத்தனை பாயின்ட் தேவைப்பட்டது, இரண்டாம் விருப்பத்தில் மிச்சம் இருந்ததா என்பதெல்லாம் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை வெளியிடும் டிரா ரீகேப் (குலுக்கல் முடிவுத் தொகுப்பு) அறிக்கையில் இருக்கிறது. அதைப் படிக்காமல் கோடு எழுதாதீர்கள். வில் பிடிக்கத் தயார் என்றால் செப்டம்பர் சீசனையும் பாருங்கள். அங்கே போட்டி பெரும்பாலும் குறைவு. தனியார் நிலத்துக்கு மட்டுமான டேக்கும் எளிதாக விழும். ஆனால் நிலக்காரரிடம் முதலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறீர்களா? அப்படியானால் மத்திய சட்டப்படி நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டு. மாநிலம் தந்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. லைசென்ஸ் கைக்கு வரும் முன் நண்பரின் ரைஃபிளைக்கூடத் தொடாதீர்கள். இதில் அலட்சியம் வேண்டாம், விசாவுக்கே ஆபத்து.

விண்ணப்பக் கெடு ஏப்ரல் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அதில் விழாவிட்டால் ஜூனில் இரண்டாம் டிரா இருக்கிறது, அதில் பாயின்ட் செலவாகாது. எந்த யூனிட் மனசில் இருக்கிறது என்று சொல்லுங்கள், ரீகேப்பைச் சேர்ந்தே பார்க்கலாம்.