ஞானஸ்நானம் பாவத்தைக் கழுவும் சடங்கு மட்டும்தானா?

கழுவுதல் அதில் உண்டு. ஆனால் ஆதிக் கிறிஸ்தவர்கள் அதில் ஒரு சாவையும் அடக்கத்தையும் பார்த்தார்கள். பைபிளில் ரோமர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் இதைத்தான் சொல்கிறார்: ஞானஸ்நானம் பெறுகிறவர் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுகிறார், புதிய ஜீவனோடு நடப்பதற்காக. மூலச்சொல்லான ‘பாப்டிஸோ’வுக்கே கிரேக்கத்தில் முக்குதல், அமிழ்த்துதல் என்றுதான் பொருள். பாவத்தில் வாழ்ந்த பழைய மனிதன் தண்ணீருக்குள்ளேயே போய்விடுகிறான்!

சரி, அவ்வளவு தண்ணீர் இல்லாத ஊரில்? திதாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் முதலில் ஓடும் தண்ணீரைக் கேட்கிறது. இல்லாவிட்டால் வேறு தண்ணீர். அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம். இந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்புறம், அந்த நூலின்படி பெறுகிறவர் ஓரிரு நாள் முன்பே உபவாசம் இருக்க வேண்டும். கொடுப்பவரும்கூட அவரோடு சேர்ந்து பட்டினி கிடப்பார்.